முதல் ஃப்ளைட்

ஈக்காட்டுத்தாங்கலில் வீடு என்று சொன்னால் போதும், "ஏர்போர்ட் பக்கம்தானே, உங்களுக்கென்ன" என்பார்கள். பக்கம்தான். நூறடி ரோட்டில் ஏறி, கத்திப்பாரா மேம்பாலத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, ஜிஎஸ்டி சாலையில் ஓடிஏவைத் தாண்டினால் மீனம்பாக்கம். விடியற்காலையில் கால் மணி நேரப் பயணம். இந்தக் கால் மணி நேரத்தை நம்பித்தான் எங்கள் அலுவலகத்தில் எனக்கு எப்போதும் ஆறு மணி விமானத்துக்கு டிக்கெட் போடுகிறார்கள். மேடவாக்கத்தில் இருப்பவருக்கும் ஆவடியில் இருப்பவருக்கும் இல்லாத சலுகை இது. "உங்களுக்குத்தான் பக்கம் மேடம், அதான் முதல் ஃப்ளைட்டே போட்டுட்டேன்" என்று பயணச் சீட்டு போடும் தம்பி மலர்ந்த முகத்தோடு சொல்வான்.

கிண்டி தொழிற்பேட்டையில் வாகன உதிரி பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை புனே போக வேண்டியிருக்கும். புனேவிலிருந்து ஒரு மணி நேரம் காரில் போனால் சாகன் என்ற ஊர். அங்கே எங்களுக்குப் பாகங்கள் அனுப்பும் ஆலைகளில் தணிக்கை. காலை ஆறு மணிக்குக் கிளம்பி, பத்து மணிக்கு ஆலைக்குள் நுழைந்து, மாலை ஐந்து வரை அளவுகோலும் படிவமுமாக அலைந்து, இரவு விமானத்தில் திரும்பி, பன்னிரண்டு மணி வாக்கில் வீட்டுக் கதவைத் திறப்பது என் வழக்கம். ஒரே நாள். ஒரு இரவுகூட வெளியில் இல்லை.

வாசலிலேயே மெட்ரோ இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. சென்னையில் முதன்முதலாக மெட்ரோ ஓடிய தடமே எங்களுடையதுதான். 2015 ஜூன் 29 அன்று ஆலந்தூரிலிருந்து கோயம்பேடு வரை ஓடத் தொடங்கியபோது நாங்கள் குடும்பத்தோடு ஏறி, சும்மா கோயம்பேடு வரை போய்த் திரும்பி வந்தோம். 2016 செப்டம்பர் 21இல் விமான நிலையத்துக்கும் தடம் திறந்தது. ஆலந்தூரில் மாறி ஏறினால் நேரே ஏர்போர்ட்டில் இறங்கலாம். ஆனால் ரயில்கள் ஓடத் தொடங்குவது காலை ஐந்து மணிக்கு. ஆறு மணி விமானத்துக்குப் பெட்டி போடும் கவுண்டரை மூடுவதும் ஐந்து மணிக்கு. கையில் ஒரு பையோடு மட்டும் போனாலும் ஐந்து முப்பத்தைந்துக்கு விமானத்தின் வாசலை அடைத்துவிடுவார்கள். இடையில் பாதுகாப்புச் சோதனை வரிசை வேறு. முதல் ரயிலை நம்பி முதல் விமானத்தைப் பிடிக்க முடியாது. ஆகவே நாலு மணிக்கு கேப்.

நாலு மணி கேபுக்கு மூன்று மணிக்கு எழ வேண்டும். குளித்துப் புடவையோ சுடிதாரோ உடுத்த இருபது நிமிடம் போதும். மிச்ச நாற்பது நிமிடம் எங்கே போகிறது என்று ஆண் வாசகர் யாராவது கேட்டால், தயவுசெய்து உங்கள் வீட்டு அடுப்படியைக் கேளுங்கள்.

உண்மையில் அந்தப் பயணம் முந்தைய நாள் மாலையே தொடங்கிவிடும். அரைத்து வைத்த மாவு மறுநாள் காலை புளித்துப் பொங்காத அளவுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பையனின் சீருடையை இஸ்திரிக் கடையிலிருந்து வாங்கி வர வேண்டும். அத்தைக்குச் சர்க்கரை மாத்திரையை வேளைவாரியாகப் பிரித்துச் சின்ன டப்பாக்களில் போட வேண்டும். சாம்பார் வைத்து, ஆறியதும் ஃப்ரிட்ஜில் மேல் தட்டில், கண்ணில் படும்படி வைக்க வேண்டும். கீழ்த் தட்டில் வைத்தால் கண்ணில் படாது. எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டை என்னைத் தவிர வேறு யாரும் கண்டுபிடித்ததில்லை. கடைசியாக, கதவில் ஒரு சீட்டு. "பால் 6.15. கேன் தண்ணீர்க்காரர் வருவார், 2 காலி கேன் பால்கனியில். ஐந்தாவது பீரியட் பி.டி., வெள்ளை ஷூ. அத்தைக்குச் சாப்பாட்டுக்கு முன் மாத்திரை, மறக்க வேண்டாம்."

என் கணவர் நல்லவர். இதைச் சொல்லாமல் இந்த மாதிரிக் கட்டுரையை எழுத முடியாது போலிருக்கிறது. சொல்லாவிட்டால் படிப்பவர்கள் அவரைப் பற்றி என்னவோ நினைப்பார்கள் என்று எனக்கே தோன்றுகிறது. அவர் வேலைக்காகக் கோயம்புத்தூரோ ஹைதராபாத்தோ போகும்போது, "என் மனைவி நல்லவள், வீட்டில் உதவி செய்வாள்" என்று யாரிடமும் சொல்ல வேண்டி வந்ததில்லை. இந்த "உதவி" என்ற சொல்லைத்தான் நான் முதலில் ஒழிக்க விரும்புகிறேன். தன் வீட்டில், தான் பெற்ற பிள்ளைக்குத் தோசை வார்ப்பது யாருக்குச் செய்யும் உதவி?

இந்த வேலைக்கெல்லாம் அரசாங்கமே கணக்கு எடுத்திருக்கிறது. 2024இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடங்கள். அதே வேலையில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்கள். 2019இல் எடுத்த முதல் கணக்கில் இது 299க்கு 97 ஆக இருந்தது. ஐந்தாண்டுகளில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது. ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது! மிக்ஸியும் வாஷிங் மெஷினும் எல்லோருக்கும் சமமாக உழைத்திருக்கின்றன. ஆனால் நான் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் அந்தச் சீட்டு எந்த நிமிடக் கணக்கிலும் வராது. அதை எழுதுவது இரண்டு நிமிட வேலைதான். வெள்ளை ஷூ எந்தக் கிழமை என்பதை ஆண்டு முழுவதும் தலைக்குள் சுமந்துகொண்டிருப்பது எத்தனை நிமிடம்?

நாலு மணிக்குத் தெருவில் நிற்கும்போது வேறொரு கணக்கு. வண்டி எண்ணைப் படம் எடுத்துக் கணவருக்கு அனுப்புவது. லொகேஷனைப் பகிர்வது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்காராமல் இடப் பக்கம் கதவோரம் உட்காருவது. கதவில் குழந்தைப் பூட்டு போட்டிருக்கிறதா என்று சும்மா ஒருமுறை திறந்து மூடிப் பார்ப்பது. கத்திப்பாராவில் ஏறியதும், யாரும் எடுக்காத ஒரு போனில், "ஆமாங்க, பாலத்துல ஏறிட்டேன், நீங்க வாசல்லயே நில்லுங்க" என்று சத்தமாகப் பேசுவது. பதினெட்டு வருடத்தில் எந்த ஓட்டுநரும் என்னிடம் தவறாக நடந்ததில்லை. பாதிப் பேர் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் சின்னப் பையன்கள். மதுராந்தகத்திலிருந்தோ செய்யாறிலிருந்தோ வந்து வண்டியிலேயே படுத்து எழுந்தவர்கள். அவர்களை நம்பாததற்காக எனக்குச் சங்கடமாகவும் இருக்கும். சங்கடத்தோடுதான் அந்தப் போனைப் பேசுவேன்.

2016 ஜூன் 24 காலையை இந்த நகரத்தில் வேலைக்குப் போகும் எந்தப் பெண்ணும் மறந்திருக்க மாட்டாள். நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தின் நடைமேடையில், அலுவலகம் போக ரயிலுக்குக் காத்திருந்த இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டாள். மணி ஆறரை. இருட்டுகூட இல்லை. ஆட்கள் நடமாடும் நகரத்தின் நடு நிலையம். அன்று மாலைக்குள்ளேயே, அவளுக்கு யாருடன் பழக்கம், ஃபேஸ்புக்கில் என்ன போட்டிருந்தாள் என்ற பேச்சு தொடங்கிவிட்டது. அந்த வாரம் எனக்குப் பயணம் இருந்தது. "கூட யாரையாவது கூட்டிட்டுப் போயேன்" என்றார் அம்மா, ஊரிலிருந்து போனில். யாரைக் கூட்டிக்கொண்டு போவது? எந்தத் துணையும் நான் சுங்குவார்சத்திரத்துக்குத் தணிக்கைக்குப் போகும்போது வருவதில்லை. பயம் வேலையை விடச் சொன்னது. வீட்டுக் கடன் போகச் சொன்னது. போனேன்.

பெண்கள் இரவில் வேலை செய்யலாமா என்ற கேள்விக்கும் சென்னைக்கும் பழைய தொடர்பு உண்டு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, காலை ஆறு முதல் இரவு ஏழு வரை தவிர்த்த நேரத்தில் பெண்களை ஆலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 2000 டிசம்பரில் வசந்தா எதிர் இந்திய ஒன்றியம் என்ற வழக்கில், இது பெண்ணுக்குப் பாகுபாடு என்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது; கூடவே, இரவு வேலை தருவதானால் வாகன வசதி முதல் ஓய்வறை வரை என்னென்ன செய்து தர வேண்டும் என்றும் நிபந்தனைகள் விதித்தது. எங்கள் ஆலையில் இரவு ஷிஃப்டுக்கு வரும் பெண்களுக்கு வேன் இருப்பது அப்படி வந்த வழக்கம்தான். ஆனால் அதிகாலை நாலு மணிக்கு விமானம் பிடிக்க ஓடுகிறவள் எந்த ஷிஃப்டிலும் இல்லை. அவள் "அதிகாரி". அவளுக்கு வேன் கிடையாது. பில் கொடுத்தால் பணம் வரும். 2013ஆம் ஆண்டு பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் மட்டும் கொஞ்சம் பரந்த மனத்தோடு, வேலையின் பொருட்டுப் போகும் இடமும், அதற்காக முதலாளி ஏற்பாடு செய்யும் வாகனமும் பணியிடமே என்கிறது. இதை எங்கள் மனிதவளத் துறையில் ஒருமுறை சொன்னேன். "அப்படியா மேடம்?" என்று ஆச்சரியப்பட்டார்கள். அதோடு சரி.

இந்தப் பயத்தைப் பற்றியெல்லாம் எழுதும்போது, எங்கள் தெருமுனையில் பூ விற்கும் அக்கா நினைவுக்கு வருகிறார். நான் வாரக்கணக்கில் திட்டமிட்டு மாதம் ஒருமுறை பார்க்கும் அந்த நாலு மணியை, அவர் தினமும் பார்க்கிறார். மூன்று மணிக்கே ஷேர் ஆட்டோ பிடித்துக் கோயம்பேடு பூ மார்க்கெட் போய், நாலரைக்கெல்லாம் மல்லிகை மூட்டையோடு திரும்பிவிடுவார். நூறடி ரோட்டில் ஒளிரும் மேலங்கியோடு பெருக்கிக்கொண்டிருக்கும் தூய்மைப் பணியாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். பால் பாக்கெட் போடும் அம்மா ஒருவர் உண்டு. ஒருநாள் கேப் வரத் தாமதமானபோது அக்காவிடம் கேட்டேன், "பயமா இருக்காதாக்கா?"

"பழகிடுச்சும்மா. ஆரம்பத்துல எங்க வூட்டுக்காரரு கூட வந்தாரு. அப்புறம் அவரு தூங்கிட்டாரு" என்று சிரித்தார். பிறகு என் கையிலிருந்த போனைப் பார்த்து, "நீ எங்க போறன்னு ஐயாவுக்கு அதுல தெரியுமாமே? எனக்கெல்லாம் யாரும்மா அப்படிப் பாக்குறா?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. கேப் வந்துவிட்டது.

பெண்களின் இரவைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் ஐடி நிறுவன வாசலிலிருந்து தொடங்குகிறது. அதற்கு வெகு காலம் முன்பிருந்தே இந்த நகரத்தின் விடியற்காலையைப் பெண்கள்தான் திறந்துவைக்கிறார்கள். அவர்களுக்காக எந்த வழக்கும் நடந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் இரவில் வேலை செய்யலாமா என்று யாரும் கேட்டதும் இல்லை.

விமான நிலையத்துக்குள் நுழைந்தால் பாதுகாப்புச் சோதனை. பையை எல்லோரும் ஒரே பெல்ட்டில்தான் வைக்கிறோம். உடல் சோதனைக்கு ஆண்கள் வெட்டவெளியில் மேடை மேல் ஏறிக் கைகளை விரித்து நின்று நகர்ந்துவிடுகிறார்கள். நமக்குத் திரைபோட்ட சின்ன அறை, உள்ளே ஒரு பெண் காவலர். மறைவு தேவைதான், அதில் மறுப்பில்லை. ஆனால் ஆண்களுக்கு நாலு மேடை இருக்கும் இடத்தில் நமக்கு ஒரு திரையோ இரண்டோதான். முதல் விமானத்துக்கு வருகிற பெண்கள் குறைவு, ஆகவே திரை குறைவு. திரை குறைவு, ஆகவே வருகிற பெண்கள் கூடுதலாக நிற்கிறார்கள். உள்ளே போனால் ஊக்கு, கொண்டை ஊசி, தாலிச் சங்கிலி எல்லாம் கருவியில் கத்தும். அந்தக் காவலர் பெண்களின் முகத்தைக் கவனித்திருக்கிறீர்களா? நம்மைப் போலவே இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ எழுந்த முகம். ஒருமுறை ஒருவர் என் கைப்பையை ஆராயாமலே, "டிபன் பாக்ஸா? என்ன டிபன்?" என்று இந்தியில் கேட்டார். எலுமிச்சை சாதம் என்றேன். "வீட்டில் எல்லோருக்கும் கட்டிவிட்டு வந்தீர்களா?" என்றார். நானூறு பேர் நிற்கும் அந்தக் கட்டடத்தில் அன்று என்னிடம் சரியான கேள்வியைக் கேட்டவர் அவர்தான்.

2012இல் என் மகனுக்கு ஒன்பது மாதம். அப்போது பேறுகால விடுப்பு பன்னிரண்டு வாரம்தான். பையில் பால் எடுக்கும் பம்ப் இருந்தது. ஸ்கேன் செய்தவர் அதை வெளியே எடுத்து, விளக்கில் தூக்கிப் பிடித்து, "இது என்ன மெஷின்?" என்றார். எனக்குப் பின்னால் லேப்டாப் பைகளோடு ஏழெட்டு ஆண்கள். சொன்னேன். அவர் அவசரமாக அதைத் தட்டில் போட்டுத் தள்ளிவிட்டார், சூடான பாத்திரத்தைத் தொட்டவர் மாதிரி. அன்று சாகனில் மதியம் மார்பு கட்டிக்கொண்டு வலித்தது. பெண்கள் கழிவறை ஒன்றுதான். அதற்கும் தாழ்ப்பாள் இல்லை. பழைய அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த ஸ்டோர் ரூமில், அங்கே துப்புரவு வேலை செய்த மராத்திக்காரப் பெண்மணி ஒருவர் வாசலில் காவல் நிற்க, பால் எடுத்துக் கீழே ஊற்றினேன். அவர் பேசியது எனக்குப் புரியவில்லை. நான் பேசியதும் அவருக்குப் புரிந்திருக்காது. முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

2017இல் சட்டம் மாறியது. இருபத்தாறு வாரம் விடுப்பு. ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம். அம்மா நாளுக்கு நாலுமுறை அங்கே போய்ப் பார்த்துவரலாம். நல்ல சட்டம். ஆனால் அது கற்பனை செய்துவைத்திருக்கும் அம்மா, காலையிலிருந்து மாலை வரை ஒரே கட்டடத்தில் இருப்பவள். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போய் வேலை பார்த்துத் திரும்பும் அம்மாவை அதற்குத் தெரியாது.

விமானத்துக்குள் ஏறினால் வணக்கம் சொல்லி நிற்கும் பெண்கள். எனக்கு ஆறு மணி என்றால் அவர்களுக்கு அது நள்ளிரவிலேயே தொடங்கிய வேலை. கொண்டையில் ஒரு முடி பிசகாமல், உதட்டுச் சாயம் கலையாமல் இருக்க வேண்டும். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் 1981இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஏர் இந்தியா எதிர் நர்கேஷ் மீர்சா வழக்கை நினைத்துக்கொள்வேன். அன்றைய ஏர் இந்தியா விதிப்படி, விமானப் பணிப்பெண் முப்பத்தைந்து வயதில் ஓய்வுபெற வேண்டும். வேலையில் சேர்ந்த நாலு வருடத்துக்குள் திருமணம் செய்தாலோ, முதல் முறை கருவுற்றாலோ அதற்கு முன்பே வேலை போய்விடும். அதே விமானத்தில் பணிபுரிந்த ஆண் ஊழியர்களுக்கு ஓய்வு வயது ஐம்பத்தெட்டு. கருவுற்றால் வேலை போகும் என்ற விதி பெண்மைக்கே இழுக்கு என்று நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நாலு வருடத்துக்குள் திருமணம் கூடாது என்ற விதியை மட்டும் நியாயமானது என்று விட்டுவிட்டது. குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் நல்லது என்று காரணமும் சொன்னது. கொடுத்ததையும் கொடுக்காததையும் சேர்த்துத்தான் அந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும். சட்டக் கல்லூரி மாணவிகள் யாராவது இதைப் படித்தால், முழுத் தீர்ப்பையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். கோபத்துக்கு நல்லது.

இனி, நான் ஏன் முதல் விமானத்தில் போகிறேன் என்ற விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பிரிவில் என்னோடு சேர்ந்த ஒருவர் இருக்கிறார். அவர் வீடு நங்கநல்லூர். விமான நிலையத்துக்கு என்னைவிடப் பக்கம். அவருக்குப் புனேவில் வேலை என்றால் முந்தைய நாள் மாலை விமானம். இரவு ஹோட்டலில் தங்கி, காலையில் பஃபேயில் சாப்பிட்டு, தலை வாரிக்கொண்டு ஆலைக்கு வருவார். நான் மூன்று மணிக்கு எழுந்த கண்களோடு அவர் பக்கத்தில் நின்று மைக்ரோமீட்டரைப் படிப்பேன். ஏன் இந்த வித்தியாசம் என்று மேலாளரிடம் கேட்டதற்கு, "உங்களுக்குக் குடும்பம் இருக்குன்னுதான்மா" என்றார், உண்மையான அக்கறையோடு. நங்கநல்லூர்க்காரருக்கும் குடும்பம் உண்டு. இரண்டு பெண் குழந்தைகள்.

எனக்கும் அதுதான் வசதி என்று நான் பல வருடம் சொல்லிவந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஒரே நாளில் போய்த் திரும்பினால், பையன் தூங்கி எழுவதற்கு முன் கிளம்பி, தூங்கிய பின் திரும்பினால், நான் போனதே வீட்டில் பதிவாகாது. "ராத்திரி தங்கணுமா?" என்ற கேள்வியை அத்தையும் கேட்க வேண்டாம், அம்மாவும் கேட்க வேண்டாம். ஹோட்டல் வரவேற்பறையில், "தனியாகவா மேடம்?" என்று யாரும் கேட்க வேண்டாம்.

2015 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. நானும் அந்த நங்கநல்லூர்க்காரரும் ஒரே நாளில் புனேவில் இருந்தோம். அவர் திங்கள் மாலையே வந்துவிட்டார். நான் வழக்கம்போல் முதல் விமானம். அன்று இரவு திரும்ப வேண்டும். சென்னை விமான நிலைய ஓடுதளத்தில் தண்ணீர், விமானங்கள் இல்லை என்றார்கள். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. ஈக்காட்டுத்தாங்கல் அந்த ஆற்றின் கரை. தாங்கல் என்ற பெயரே நீரைத் தாங்கி நின்ற இடம் என்றுதான் பொருள். காசி தியேட்டர் பாலத்தை வெள்ளம் தொடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். வீட்டில் அத்தை, கணவர், நாலு வயது மகன். முதல் மாடி. இரவு பத்தேகாலுக்குக் கடைசியாகப் பேசினோம். "கீழ் வீட்டுக்காரங்க எல்லாம் மேல வந்துட்டாங்க. சார்ஜ் இல்ல, வைக்கிறேன்." அதன் பிறகு இரண்டு நாள் எந்த எண்ணும் கிடைக்கவில்லை.

விமான நிலையம் திறக்க டிசம்பர் 6 ஆயிற்று. நாங்கள் இருவரும் பெங்களூருக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, 4ஆம் தேதி வந்து சேர்ந்தோம். தெருவெல்லாம் சேறு, நனைந்த மெத்தைகள், செத்த எலிகளின் நாற்றம். மகன் நன்றாக இருந்தான். கீழ் வீட்டுக் குழந்தைகளோடு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பாய் விரித்துப் படுத்தது அவனுக்குத் திருவிழா. என் கணவர் மூன்று நாளும் பதினோரு பேருக்குக் கஞ்சி காய்ச்சியிருக்கிறார். ஃப்ரிட்ஜில் சீட்டு ஒட்டியிருந்தது. மின்சாரம் இல்லாததால் ஃப்ரிட்ஜை அவர் திறக்கவே இல்லை.

அதற்கப்புறம் வந்த ஒரு மாதம்தான் எனக்கு வெள்ளம். துக்கம் கேட்பதுபோல வந்த உறவுக்காரர்கள் எல்லோரும் ஒரே வரியைச் சொன்னார்கள். "பிள்ளை தண்ணியில கெடந்துச்சு, அம்மாக்காரி புனேயில." என் காதுபடவே சொன்னார்கள். அத்தை அதை மறுக்கவில்லை. ஆமோதிக்கவும் இல்லை, எழுந்து உள்ளே போனார். அதே நாட்களில் அலுவலகத்தில் நங்கநல்லூர்க்காரரைச் சுற்றி நின்று, "பாவம் சார், ஃபேமிலி இங்க, நீங்க அங்க, எவ்வளவு துடிச்சிருப்பீங்க" என்றார்கள். அவரும் துடித்தார்தான். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் அவர் அழுததை நான் பார்த்தேன். ஒரே ஊர், ஒரே வேலை, ஒரே பஸ். அவர் மாட்டிக்கொண்டவர். நான் விட்டுவிட்டுப் போனவள்.

அடுத்த ஏழெட்டு வருடம் மேல் பதவி ஒன்று என் பக்கம் வரும்போதெல்லாம், "அதுல ராத்திரி தங்கணும், உங்களுக்குச் சிரமம்" என்று அலுவலகம் தானாகவே என்னைக் கடந்து போயிற்று. நங்கநல்லூர்க்காரர் இப்போது மேற்கு மண்டலம் முழுவதற்கும் பொறுப்பாளர். நல்ல திறமைசாலி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் தயாரிக்கும் தணிக்கை அறிக்கைகளைச் சரிபார்ப்பது நான்.

சென்ற ஆண்டு எங்கள் பிரிவில் புதிதாக இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். ஒருத்தி தாம்பரம், இன்னொருத்தி அயனாவரத்தில் விடுதி. இருவருக்கும் முதல் மாதமே ஆறு மணி விமானம் போட்டார்கள். அயனாவரத்துப் பெண் விடுதி வாசலை நாலு மணிக்கு முன் திறக்க மாட்டார்கள் என்பதால் முந்தைய இரவே கிளம்பிப்போய் விமான நிலையத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "தூங்கலையா?" என்றேன். "பையைக் காலுக்கடியில வெச்சுட்டு எப்படிக்கா தூங்குறது?" என்றாள். அன்றே மூவரும் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினோம். காலை ஏழு மணிக்கு முன் புறப்படும் எந்த விமானத்துக்கும் அலுவலக வாகனம் வேண்டும். அல்லது முந்தைய மாலை போய்த் தங்குவதை விரும்புகிறவருக்கு அதைத் தர வேண்டும். நிர்வாகம் "பெண் ஊழியர்களுக்கு மட்டும்" என்று ஒரு வரி சேர்த்து ஒப்புக்கொள்ள வந்தது. நாங்கள் அந்த வரியை எடுக்கச் சொன்னோம். செங்கல்பட்டிலிருந்து மூன்று மணிக்கு பைக்கில் வரும் தம்பியும் எங்கள் பிரிவில்தான் இருக்கிறான். தவிரவும், பெண்ணை அனுப்பினால் செலவு அதிகம் என்று ஆகிவிட்டால் அடுத்த முறை யாரை அனுப்புவார்கள் என்று எங்களுக்குத் தெரியும். கோப்பு இன்னும் மேசையில் இருக்கிறது.

கோப்பு நகரும்வரை நான் காத்திருக்கவில்லை. போன மாதம் பயணச் சீட்டு போடும் தம்பியிடம், "எனக்கு முந்தைய நாள் ஈவினிங் ஃப்ளைட் போடுப்பா" என்றேன். "மேடம், நீங்க ஏர்போர்ட் பக்கம்தானே?" என்றான். பக்கம்தான், போடு என்றேன். வீட்டில் சொன்னபோது அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்த ஊர்ல குளிரா இருக்கும், சால்வை எடுத்துக்கோ" என்றார். பதினெட்டு வருடத்தில் என் வேலைப் பயணத்துக்கு அவர் சொன்ன முதல் யோசனை.

ஃப்ரிட்ஜில் சீட்டு ஒட்டவில்லை. மகனுக்கு இப்போது பதினாலு வயது. புனே ஹோட்டல் அறையில் மூன்று மணிக்கு உடம்பு தானாக விழித்துக்கொண்டது. விளக்கைப் போடாமல் படுத்தே இருந்தேன். ஆறே முக்காலுக்கு அவனிடமிருந்து செய்தி. "அம்மா, பெருங்காயம் எங்க இருக்கு?" நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுப் பதில் எழுதுவதற்குள் அடுத்தது வந்தது. "அப்பா கண்டுபிடிச்சுட்டாரு."

அடுத்த பயணம் 18ஆம் தேதி. தாம்பரத்துப் பெண்ணும் வருகிறாள். இரண்டு பேருக்கும் மாலை ஃப்ளைட்.